முகிலூர் மூழ்கினது நல்லதுக்குத்தான்

பூங்காவின் மறுதிறப்பு விழாவுக்குச் சிறப்பு மலர் போடுகிறார்கள். பழைய ஊழியர் என்ற முறையில் நானும் எழுத வேண்டும் என்று புது மேனேஜர் போன் செய்தார். "ரெண்டு பேஜ் மதி, சேட்டா. நல்ல ஓர்மைகள் மாத்ரம்" என்றார். நல்ல நினைவுகளை மட்டும் எழுதினால் போதுமாம். கொச்சிக்காரர், மரியாதை தெரிந்த பிள்ளை. தமிழில் பேசினால் பாதி புரியும், தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. அதனால் நான் எழுதித் தருவதை, டிக்கெட் கவுண்டரில் இருக்கும் ரேவதி அவருக்கு மலையாளத்தில் சொல்லிக் காட்டுவாள் என்று ஏற்பாடு. இந்த ஏற்பாட்டைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

விழாவுக்கு முன்னால் வெள்ளோட்டமாகப் பூங்காவைத் திறந்து, வாசலில் இப்போது ஒரு தொடுதிரை வைத்திருக்கிறார்கள். சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் தங்கள் கருத்தைச் சொல்ல அதில் ஐந்து முகங்கள். அழுகிற முகத்தில் தொடங்கி வாய் நிறையச் சிரிக்கிற முகம் வரைக்கும் இருக்கிறது. சிரிக்கிற முகத்தை அமுக்கினால் மட்டும் மணி அடித்துப் பூ கொட்டும். குழந்தைகள் வரிசையில் நின்று அதையே அமுக்குகிறார்கள். மேனேஜர் மாலையில் கணக்கெடுத்துப் பார்த்து மனம் குளிர்ந்து வீட்டுக்குப் போகிறார். அந்தப் பெட்டியைப் பார்த்தபோது எனக்குச் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. அது செய்கிற வேலையைத்தான் நான் மூன்று வருடம் செய்தேன்.

என் ஆரம்பகாலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்தேன். எட்டு வீடுகள் ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டு நிற்கும் வரிசைக்கு லயம் என்று பெயர். பத்தாம் வகுப்பு முடித்ததும் ஃபாக்டரியில் சேர்ந்தேன். கொழுந்து வாட்டும் மாடியில் ஆறு வருடம், பிறகு டீமேக்கருக்கு உதவியாள். தூள் எப்படி வந்திருக்கிறது என்று ருசி பார்த்து மேலிடத்துக்குச் சொல்வது அங்கே தினசரிச் சடங்கு. தூள் தீய்ந்து போயிருந்தால் "தீய்ந்துவிட்டது" என்று சொல்லக்கூடாது. "கொஞ்சம் அடர்த்தி கூடுதல்" என்று சொல்ல வேண்டும். சப்பென்று இருந்தால் "மென்மையாக இருக்கிறது". துரைக்கு முகம் சுளிக்காமல் எந்தக் கெட்ட செய்தியையும் சொல்லும் கலையை நான் அங்கேதான் படித்தேன். ஒருநாள் எஸ்டேட்டையே பூட்டிவிட்டார்கள். அதற்கு மட்டும் மென்மையான வார்த்தை எதுவும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் ஆனைக்கரைப் பக்கம் ஏலக்காட்டு நடுவில் இந்தப் பூங்கா வந்தது. சுற்றுலாக்காரர்களுக்கு யானைச் சவாரி, மசாலாக் கடை, கூடவே ஒரு நாடகம். எஸ்டேட் பூட்டி நின்ற இருபத்திரண்டு பேரை மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள். கொழுந்து பறித்தவர்கள் நாடகத்தில் குடிமக்கள் ஆனார்கள், தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டியவர்கள் காவலர்கள் ஆனார்கள். எனக்கு டிக்கெட் கிழிக்கும் வேலை.

நாடகத்தை எழுதி நடத்தியவரை எல்லாரும் சார் என்றே கூப்பிடுவோம். பாலக்காட்டில் கோயில் தெருவைச் சேர்ந்தவர், கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வெள்ளை முண்டு, மடிப்புக் கலையாத சட்டை, காலை பத்து மணிக்குத் தானே போட்டுக் குடிக்கும் காபி. உண்மைச் சரித்திரத்தில் எந்த ஊரும் அவருக்குத் திருப்தியாக இல்லை போலிருக்கிறது. ஆகவே சொந்தமாக ஒரு ஊரை உண்டாக்கினார். அதுதான் முகிலூர். மேகத்துக்கு மேலே இருந்து மறைந்துபோன நகரம்.

முகிலூரில் பசி கிடையாது, பூட்டு கிடையாது, சோம்பேறி கிடையாது. விடிந்ததும் முரசு கொட்டும். மக்கள் எல்லாரும் மைதானத்தில் வரிசையாக நிற்பார்கள். அதிகாரி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு அன்றைய வேலையைச் சொல்வார். பாடிக்கொண்டே மலையேறுவார்கள். மாலையில் பறித்ததைக் கொண்டுவந்து நீதித் தராசில் வைப்பார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு வீடு, ஒரே வரிசையில், வீட்டுக்கு ஒரு விளக்கு. வாரம் ஒருமுறை ராணி கையால் தானியம். யாரும் ஊரை விட்டு வெளியே போவதில்லை. ஒருநாள் கீழ்நாட்டிலிருந்து உப்பு வியாபாரி ஒருவன் வந்து கோட்டைக்கு வெளியே நின்று உலகத்தைப் பற்றிப் பாடுகிறான். வஞ்சி என்ற பெண் மயங்கிக் கதவைத் திறக்கிறாள். கதவு திறந்ததும் வெள்ளம் புகுந்து ஊர் மூழ்குகிறது. ஜனங்கள் ஊருக்காக அழ வேண்டும், வஞ்சியை வெறுக்க வேண்டும். இது சார் போட்ட கணக்கு.

முதல் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக் காட்சி. சுற்றுவட்டார எஸ்டேட் ஜனங்களுக்கு அன்று இலவசம். முரசு கொட்டியது, குடிமக்கள் வரிசையில் வந்து நின்றார்கள். அவ்வளவுதான், கூட்டத்திலிருந்து ஒரு குரல்:

"ஏ, பெரட்டுடீ!"

எஸ்டேட்டில் காலையில் ஆளெடுத்து வேலை பிரிப்பதற்குப் பெயர் பெரட்டு. முகிலூர் அதிகாரி கம்பீரமாக "நன்மாறன்!" என்று பெயர் கூப்பிட்டார். கூட்டத்தில் ஒரு பெண் "லீவு!" என்றாள். "பூங்கொடி!" என்றார். "ஆஸ்பத்திரி!" என்றாள் இன்னொருத்தி. "இளவேனில்!" என்றதற்கு, "நேத்தே பேரு வெட்டியாச்சு தொர!" என்று பதில் வந்தது. பேர் வெட்டினால் அன்றைக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. தராசுக் காட்சியில் "கொழுந்து ஈரம்னு எத்தன கிலோ கழிச்ச?" என்று கேட்டார்கள். வரிசை வீடுகளில் விளக்கு எரிந்ததும் "கூர ஒழுகுதான்னு பாரு" என்றார்கள். வஞ்சி கதவைத் திறந்தபோது விசிலடித்தார்கள். வெள்ளம் வந்தபோது கைதட்டினார்கள்.

சாருக்கு இது எதுவும் கேட்கவில்லை. பார்வையாளர்களுக்குப் பின்னால் உயரத்தில் கண்ணாடி போட்ட அறை ஒன்று உண்டு. விளக்கையும் இசையையும் அங்கிருந்துதான் இயக்குவார். காதில் பெரிய ஹெட்போன், அதில் இசை மட்டும். ஜனங்களின் முதுகுதான் அவருக்குத் தெரியும். காட்சி முடிந்து நான் மேலே போனபோது கண் கலங்கி உட்கார்ந்திருந்தார்.

"பரமசிவம், பாத்தியோ? எல்லாருக்கும் தோள் குலுங்கறது. என்னமா அழறா!"

நான் பார்த்தேன். அவர் கண்களில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தேன். கீழே வேஷம் கலைத்துக்கொண்டிருந்தவர்களையும் நினைத்தேன். ஜனங்கள் சிரித்தார்கள் என்று தெரிந்தால் மனுஷன் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு பாலக்காட்டு பஸ் ஏறிவிடுவார், நாடகம் நின்றுவிடும், நாங்கள் எல்லாரும் மறுபடி பூட்டிய எஸ்டேட் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். "ஆமா சார். ரொம்ப உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க" என்றேன். ஃபாக்டரிப் பயிற்சி கைகொடுத்தது.

மறுநாளே எனக்குப் பதவி உயர்வு வந்தது. வாசலில் நூலில் பேனா கட்டிய கருத்துப் புத்தகம் ஒன்று வைத்தோம். தினமும் காலை பத்து மணிக்கு அதை சாரிடம் கொண்டுபோக வேண்டும். மலையாளத்தில் இருப்பதை அவரே படிப்பார். தமிழில் இருப்பதை நான் படித்துக் காட்ட வேண்டும். சாருக்குத் தாய்மொழி தமிழ்தான். ஆனால் படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம் என்பதால் தமிழ் எழுத்து தெரியாது. பாலக்காட்டில் இப்படி எத்தனையோ பேர் உண்டு. தமிழில் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், சாமி கும்பிடுவார்கள், பஸ் போர்டு மட்டும் படிக்க வராது. இந்த ஒரு வசதி இல்லாவிட்டால் என் மூன்று வருட உத்தியோகம் மூன்று நாள் ஓடியிருக்காது.

சார் காபியை மேசையில் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். "ம், வாசி" என்பார்.

முதல் பக்கத்தில் முதல் வரி: 'முகிலூர் மூழ்கினது நல்லதுக்குத்தான்.' நான் படித்தது: "முகிலூர் மூழ்கியதை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை." அடுத்தது: 'கதவ தொறந்த புள்ளைக்கு ஒரு மாலை போடணும்.' நான்: "கதவைத் திறந்த பெண்ணை மன்னிக்கவே முடியவில்லை." மூன்றாவது: 'அந்த அதிகாரி எங்க கண்டக்டர் மாதிரியே இருக்கான், பார்த்ததும் அடிவயிறு கலங்குச்சு.' எஸ்டேட்டில் கண்டக்டர் என்பது வேலை வாங்கும் அதிகாரி. இதற்கு அதிகம் மெனக்கெடவில்லை. "அதிகாரியின் கம்பீரம் உள்ளத்தை உலுக்கியது" என்று படித்தேன்.

எல்லாவற்றையும் மாற்றினேன் என்று நினைக்கக்கூடாது. சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்தவர்கள் எழுதியதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் படித்தேன். 'எவ்வளவு ஒழுங்கான சமுதாயம்! நம் நாட்டுக்கு இன்று தேவை இதுதான்.' 'இங்கேயே தங்கிவிடலாம் போலிருக்கிறது.' 'இடிபாடுகள் எங்கே இருக்கின்றன, கார் போகுமா?' முகிலூரில் குடியிருக்க ஆசைப்பட்ட அத்தனை பேரும் ஞாயிறு சாயந்தரம் ஊர் திரும்ப டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர்கள் என்பதை மட்டும் நான் சாரிடம் சொல்லவில்லை.

இப்படி மூன்று வருடம், பதினோரு நோட்டுகள். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் வாசிப்பை சார் நம்பத் தொடங்கியதுதான் வினை.

ஒருநாள் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "ஜனங்களுக்கு வஞ்சி மேல அவ்வளவு கோவம் இருக்கு. தெனமும் நோட்டுல எழுதறா. அந்தக் கோவத்துக்கு நாம ஒரு வழி பண்ணிக் கொடுக்கணும். வெள்ளம் வரதுக்கு முன்னாடி, ஊரே சேர்ந்து வஞ்சியை மைதானத்துல நடுவுல நிறுத்தி, கயித்தால அடிக்கறதா ஒரு காட்சி வைக்கறேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "என்ன பரமசிவம், செரிதானே?" என்றார். நான் தலையாட்டினேன்.

வஞ்சியாக நடித்தவள் மரகதம். எங்கள் லயத்துக்காரி, கொழுந்து பறிப்பில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அன்று மாலை வேஷம் போடும் அறையில் அவள் என்னை நிறுத்தினாள். முகத்தில் பாதி பவுடர் பூசியிருந்தாள்.

"அண்ணே, நானும் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எனக்கு மாலை போடணும்னுல எழுதிருக்காளுக? நீங்க அவருகிட்ட என்னத்தப் படிச்சீக?"

நான் அங்கிருந்த பவுடர் டப்பாவை மூடி வைத்தேன்.

"இருபது பேரு வேலைன்னு நீங்க நினைச்சிருப்பீக, எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கங்க. பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஒருநா லேட்டா போனேன். பெரட்டுக் களத்துல எல்லாரு முன்னாடியும் நடுவுல நிக்கவச்சு, பேரை வெட்டுனாங்க. அன்னிக்கு ஒரு நா நின்னேன். நடிப்புக்குக்கூட இன்னொரு தடவ நிக்க மாட்டேன். நீங்க சாருகிட்ட உள்ளதச் சொல்லணும். இல்லன்னா நான் வேலைய விட்டு நின்னுக்கிறேன்."

அவள் வேலையை விட்டால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது என்பது எனக்குத் தெரியும். புருஷன் நெஞ்சு நோவுக்காரன். சின்னப் பிள்ளை ஒன்று. "நாளைக்குச் சொல்லிர்றேன் மரகதம்" என்றேன். நாளைக்கு என்பது நாலு தடவை வந்து போனது. ஒவ்வொரு நாள் காலையும் நோட்டோடு போவேன், சார் கண்ணை மூடுவார், என் வாய் பழைய பாதையிலேயே போகும். அந்த நாலு நாளும் நான் கோழையாக இருந்தேன். இதை வேறு எப்படி எழுதினாலும் அது ஃபாக்டரி பாஷையாகிவிடும்.

மரகதம் நின்றுவிடவில்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிக் காத்திருந்தாள்.

புதுக் காட்சி அரங்கேறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து எஸ்டேட்டில் கோயில் கொடைத் திருவிழா விடுமுறை என்பதால் அங்கிருந்து ஐந்து ஜீப் நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். அன்று சார் என்னையும் கண்ணாடி அறையில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். தன் வெற்றியை நானும் பார்க்க வேண்டும் என்று ஆசை அவருக்கு.

மரகதத்தை நடு மைதானத்தில் நிறுத்தினார்கள். அவள் நடிக்கவில்லை என்று எனக்கு மேலேயிருந்தே தெரிந்தது. முதலில் அடிக்க வேண்டிய காவலன் எங்கள் லயத்து முருகேசன். கயிற்றை ஓங்கினான், இறக்கவில்லை. சார் மைக்கில் "அடி!" என்றார். முருகேசன் கயிற்றைத் தரையில் ஒரு அடி அடித்தான். மரகதம் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பிறகு அந்த வரிசையே எழுந்தது. முப்பது பேருக்குக் குறையாது, படியேறி மேடைக்குப் போனார்கள்.

சார் ஹெட்போனைக் கழற்றி எறிந்தார். "ஐயோ, பாத்தியோ, அவாளும் அடிக்கப் போறாடா! அவ்வளவு கோவம்! ஓடு, ஓடு, அந்தப் பொண்ணைக் கொன்னுடப் போறா!"

நான் ஓடினேன். சாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். எழுதியவர் தன் கதாபாத்திரத்தைப் பார்வையாளர்களிடமிருந்து காப்பாற்ற ஓடினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மரகதம் கீழே உட்கார்ந்திருந்தாள். முதலில் எழுந்த பெண் தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்தாள். கயிறு ஒருத்தி இடுப்பில் செருகியிருந்தது. முருகேசன் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தான்.

சாருக்குப் புரியவில்லை. "அம்மா, ஏன் மேடையில ஏறினேள்? இவள் ஊரையே அழிச்சவள் இல்லையோ?" என்று கேட்டார்.

முகம் துடைத்தவள் பெயர் காளியம்மாள். எஸ்டேட்டில் யூனியன் கூட்டத்தில் பேசிப் பழகியவள். நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த ஊர சாரே? விடிஞ்சா முரசு, வரிசையில நிப்பு, பேரு கூப்பிடு, தராசு, லயம், வாரா வாரம் அரிசி. இதயா ஊருன்னு சொல்லுதீக? இது பெரட்டுக் களம்லா. இந்தப் புள்ள ஒருத்திதான் கதவத் தொறந்தா. அவளப் போய் அடிக்கச் சொல்லுதீகளே, நல்லாருக்கா இது?"

சார் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார்.

"நாங்க வாறப்பல்லாம் இதத்தானே நோட்டுல எழுதி எழுதி வச்சிட்டுப் போனோம்? யாருமே படிக்கலியா?"

சார் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் பத்து மணிக்கு மேசையில் பதினோரு நோட்டும் அடுக்கியிருந்தன. காபி இல்லை. "முதல்லேர்ந்து வாசி" என்றார். இந்த முறை கண்ணை மூடவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் படித்தேன். எழுதியவர்களின் பிழை முதற்கொண்டு உள்ளது உள்ளபடி படித்தேன். 'மாலை போடணும்' வந்தபோது கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இதை அன்னிக்கு என்னன்னு வாசிச்சே?"

சொன்னேன்.

"என்னைவிட நன்னா எழுதறடா நீ" என்றார். "ஏண்டா இப்படிப் பண்ணினே?"

"நீங்க நிறுத்திட்டுப் போயிருவீங்கன்னு பயந்தேன் சார்."

"போயிருப்பேன். அது வாஸ்தவம்" என்றார்.

வேலையை விட்டு நிறுத்தப்போகிறார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. "உன்னை அனுப்பிச்சா அடுத்தவனும் இப்படித்தான் வாசிப்பான். உனக்காவது வெக்கமிருக்கு" என்றார். எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ் இது ஒன்றுதான். பிறகு நேராக மரகதத்திடம் போய் மன்னிப்புக் கேட்டார். அவள் "பரவால்ல சார்" என்றாள். என்னிடம் மட்டும் ஒரு மாதம் பேசவில்லை.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் சார் எழுத்தாளர் ஆயிற்றே, புரிந்துகொண்டதும் உடனே திருத்தி எழுதினார். புது முகிலூரில் அதிகாரி கொடியவன், ராணி சூழ்ச்சிக்காரி. வஞ்சி கதவைத் திறக்கிறாள், மக்கள் முரசைக் கிழித்து எறிந்துவிட்டுக் கூட்டமாக வெளியே நடக்கிறார்கள். வெள்ளம் கிடையாது. நாதஸ்வரம், பூமாரி, பிரகாசமான வெளிச்சம். காளியம்மாளுக்கும் அவள் கூட்டத்துக்கும் ஜீப் அனுப்பி வரவழைத்தார். ஹெட்போன் இல்லாமல் முதல் தடவையாகக் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்தார். பக்கத்தில் நான்.

கதவு திறந்தது. மக்கள் வெளியேறினார்கள். நாதஸ்வரம் முழங்கியது. ஒரு கைதட்டல் இல்லை, விசில் இல்லை. ஒரு பெண் மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் கேட்டது.

சார் பொறுக்க முடியாமல் காளியம்மாளிடம் திரும்பினார். "என்னம்மா, இப்போ செரியா இருக்கோல்லியோ? எல்லாரும் வெளியில போயாச்சு."

"போயாச்சு சாரே. போய், ராத்திரிக்கு எங்க படுப்பாக?"

சார் என்னைப் பார்த்தார். இந்த முறை நான் மாற்றாமல் விளக்கினேன். லயத்து வீடு வேலையோடு வருவது. வேலையை விட்டால், வயதாகி நின்றால், வீட்டையும் விட வேண்டும். அப்படி விட்டுவிட்டுப் போக இவர்கள் யாருக்கும் வேறெங்கும் ஒரு சென்ட் மண் இல்லை. மூன்று தலைமுறைக்கு முன் விட்டுவந்த தமிழ்நாட்டு ஊரில் இவர்களை யாருக்கும் தெரியாது. எஸ்டேட்டைப் பூட்டிய பிறகும் நாங்கள் எல்லாரும் ஒழுகுகிற அதே லயத்தில்தான் கிடந்தோம். மரகதமும் அங்கேதான் இருந்தாள். ஊர் மூழ்கட்டும் என்று விசிலடித்தவர்கள் அந்த வீட்டின் சாவியைத்தான் இடுப்பில் செருகியிருந்தார்கள்.

"அப்போ கதவைத் தொறக்கணுமா, வேண்டாமா? என்னதான் சொல்றா?" என்றார் சார் பரிதாபமாக.

"அதத்தான் சாரே நாங்களும் தினமும் யோசிக்கிறோம்" என்றாள் காளியம்மாள்.

மூன்றாவது முடிவை சார் எழுதவே இல்லை. ஒத்திகையின்போது அது தானாக வந்தது. மரகதம் தாழ்ப்பாளை இழுத்துவிட்டாள். கதவைத் தள்ளுவதற்கு முன்னால் திரும்பி, வரிசை வீடுகளில் எரிந்த விளக்குகளைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். சார் மேலே ஓடிப்போய் விளக்கை அணைத்தார். அவ்வளவுதான், அதோடு நாடகம் முடிந்தது.

அந்த முடிவோடு பல வருடம் ஓடியது. ஜனங்கள் ஜீப் ஏறும்வரை சண்டை போட்டுக்கொண்டு போவார்கள். திறந்திருக்கணும் என்பார்கள், திறக்காததே புத்தி என்பார்கள். சென்னைக்காரர்கள் வந்து கதை பாதியில் நின்றுவிட்டது, பணத்தைத் திருப்பித் தா என்பார்கள். அத்தனையும் நோட்டில் ஏறியது. அத்தனையும் பத்து மணிக்குப் படித்தேன். "ஒருத்தராவது நான் நினைச்சதை நினைக்கறாளா பாரு" என்பார் சார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். இரண்டு வருடம் முன்னால் பாலக்காட்டில் காலமானார். நான் போயிருந்தேன். அவரிடம் நான் சொன்ன பொய்களை அவர் மன்னித்துவிட்டார். நான்தான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புது மேனேஜர் பீரோவைச் சுத்தம் செய்தபோது சாரின் பழைய கையெழுத்துப் பிரதி ஒன்று கிடைத்ததாம். அழகான மலையாளத்தில், மேலே 'இறுதி வடிவம்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறதாம். அது கயிற்றடிக் காட்சி உள்ள பிரதி. அப்போது சார் அதுதான் இறுதி என்று நம்பினார், நான் நம்பவைத்தேன். மேனேஜர் அதையே மறுதிறப்பு விழாவில் மேடையேற்றப் போகிறார். பெரிய திரையில் வெள்ளம், மைதானத்தில் அடி. 'ஒரிஜினல்' என்று விளம்பரமும் போட்டாகிவிட்டது. ஜனங்களுக்குப் பிடிக்குமா என்று கேட்டேன். வாசலில் இருக்கும் திரையைக் காட்டினார். முகங்கள் எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தன.

இரண்டு பேஜைத் தாண்டிவிட்டேன். நல்ல ஓர்மைகளும் குறைவாகத்தான் இருக்கும்.

இனி எழுதுவது ரேவதிக்கு. ரேவதி, இதை அவர் முன்னால் உட்கார்ந்து மலையாளத்தில் சொல்லிக் காட்டப்போவது நீ. அவர் காபியைக் கையில் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகக் கேட்பார். அந்த முகத்தைப் பார்த்ததும் உன் நாக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். 'பரமசிவம் சேட்டன் பழைய நாட்களை நினைத்து நெகிழ்ந்திருக்கிறார்' என்று முடித்துவிடத் தோன்றும். வேலை போய்விடுமோ என்ற பயம் வரும், அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனாலும் அன்று காய்ச்சலில் கிடந்த அந்தப் பிள்ளை நீதான். உன் அம்மா மரகதம் எதற்காகப் பெரட்டுக் களத்தில் நின்றாள் என்று வீட்டில் கேட்டுக்கொள். கேட்டுவிட்டு, இதில் உள்ளதை உள்ளபடி அவருக்குச் சொல். புது வஞ்சி வேஷத்துக்கு நோட்டீஸ் போர்டில் உன் பேரைத்தான் ஒட்டியிருக்கிறார்கள்.